‘தி அவுட்சைடர்ஸ்’ நாவலின் கருப்பொருளை எப்படிப் பிடிப்பது, வாழ்க்கைப் பாடம் என்று எதை எழுதுவது

அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிக்கடி பாடமாக வைக்கும் நாவல் எஸ்.ஈ. ஹின்டன் எழுதிய ‘தி அவுட்சைடர்ஸ்’. அங்கே இருக்கும் தமிழ் வீடுகளில் பிள்ளை புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, “இதில் கருப்பொருள் என்ன, நான் கத்துக்கிட்ட பாடம் என்னன்னு எழுதச் சொல்றாங்க” என்று நிற்கும். இணையத்தில் தேடினால் நொடியில் பதில் கிடைக்கும். நட்பு உயர்ந்தது, வன்முறை எதையும் தீர்க்காது, ஏழையும் பணக்காரனும் மனிதர்கள்தான். மூன்றுமே உண்மை. ஆனால் நாவலைத் திறக்காத ஒருவரும் இந்த மூன்றையும் எழுதிவிட முடியும், அதனால்தான் அப்படி எழுதிய கட்டுரைகளுக்கு நல்ல மதிப்பெண் விழுவதில்லை.

இந்த நாவலை ஒழுங்காகப் படிக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கதையில் யார் என்ன தப்பு செய்கிறார்கள், அந்தத் தப்புக்கு யார் எவ்வளவு விலை கொடுக்கிறார்கள் என்று மளிகைக் கடை நோட்டு மாதிரி பற்று வரவு எழுதிக்கொண்டே போக வேண்டும். வர்க்கம் என்ற பெரிய வார்த்தை அந்தக் கணக்கில் தானாகவே தெரிய ஆரம்பிக்கும். அது தெரிந்த பிறகு எழுதும் பாடம்தான் பிள்ளையின் சொந்தப் பாடம்.

முதலில் கொஞ்சம் பின்னணி. கதை 1960களின் ஓக்லஹோமா, டல்சா நகரத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது. ஹின்டன் அங்கேதான் பிறந்து வளர்ந்தார், அங்கே பள்ளியில் படிக்கும்போதே, 15 வயதில் இதை எழுத ஆரம்பித்தார். 1967இல் புத்தகம் வெளிவந்தபோது அவருக்கு வயது 18. எழுதியது ஒரு பெண் என்று தெரிந்தால் விமர்சகர்கள் ஒதுக்கிவிடுவார்களோ என்று பதிப்பகம் பெயரின் முதல் எழுத்துகளை மட்டும் போட்டது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்தப் புத்தகத்தில் பெரியவர்கள் மேலே நின்று பிள்ளைகளுக்கு உபதேசம் செய்வதில்லை. பதின்ம வயதில் இருந்த ஒருத்தி தன் கண்ணால் பார்த்ததை, கோபம் தணிவதற்கு முன்பே எழுதியிருக்கிறார். அந்தக் கோபத்தைக் கழித்துவிட்டுப் பாடத்தை மட்டும் எடுத்தால் மிஞ்சுவது சக்கைதான்.

கதை சுருக்கமாக: ஊரின் கிழக்குப் பக்கம் ஏழைப் பையன்கள், எண்ணெய் தடவிய நீள முடி, கிரீஸர்கள். மேற்குப் பக்கம் வசதியான வீட்டுப் பிள்ளைகள், சோஷ்கள். கதை சொல்லும் போனிபாய்க்கு 14 வயது. எட்டு மாதத்துக்கு முன் கார் விபத்தில் அப்பா அம்மா இருவரும் போய்விட்டார்கள். 20 வயது மூத்த அண்ணன் டாரி கூரை வேலைக்குப் போய் வீட்டை ஓட்டுகிறான், இரண்டாவது அண்ணன் சோடா பள்ளியை விட்டுவிட்டு பெட்ரோல் பங்கில் வேலை பார்க்கிறான். ஒரு ராத்திரி பூங்காவில், குடித்துவிட்டு வந்த சோஷ் கூட்டம் போனிபாயை நீரூற்றுத் தொட்டியில் முக்கி மூச்சுத் திணற வைக்க, அவன் நண்பன் ஜானி பயத்தில் கத்தியை எடுத்து பாப் என்பவனைக் குத்திவிடுகிறான், பாப் செத்துப்போகிறான். இருவரும் ஊரை விட்டு ஓடி மலைமேல் இருக்கும் ஒரு பாழடைந்த தேவாலயத்தில் ஒளிகிறார்கள். அங்கே தீப்பிடிக்க, சுற்றுலா வந்த பள்ளிக் குழந்தைகளைக் காப்பாற்றப் போன ஜானியின் முதுகெலும்பு உடைகிறது. அப்புறம் மருத்துவமனை, கும்பல் சண்டை, ஜானியும் கிரீஸர் கூட்டத்திலேயே கரடுமுரடான டாலியும் என்று இரண்டு மரணங்கள், நீதிமன்றம்.

முதல் வாசிப்பில் எதையும் குறிக்க வேண்டாம். 12 அத்தியாயம்தான், வேகமான கதை, இரண்டு நாளில் முடிந்துவிடும். கையில் மஞ்சள் பேனாவோடு உட்கார்ந்தால் பிள்ளை “முக்கியமான வரி” தேடுமே தவிர ஜானிக்காக அழாது. முதலில் அழட்டும்.

இரண்டாவது வாசிப்பில் பொருட்களைப் பின்தொடரச் சொல்லுங்கள். கருப்பொருள் என்பது கண்ணுக்குத் தெரியாத விஷயம், மோதிரமும் கத்தியும் தெரியும். பாப் ஒரு கையில் நிறைய மோதிரம் போட்டிருப்பான். கதை தொடங்குவதற்குச் சில மாதம் முன்பு ஜானியை அடித்து முகத்தைக் கிழித்தவன் கையிலும் மோதிரங்கள் இருந்தன. திறந்தவெளித் திரையரங்கு இரவில் பாப் வந்து நிற்கும்போது ஜானி அந்தக் கையையே வெறித்துப் பார்ப்பதைப் போனிபாய் கவனிப்பான். ஆசிரியர் “பணக்காரர்களின் வன்முறை” என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. நகையே ஆயுதமாக இருக்கிறது, அவ்வளவுதான். அதே அடிக்குப் பிறகு ஜானி கால்சட்டையின் பின்பையில் கத்தி வைத்துக்கொள்ள ஆரம்பிக்கிறான். மோதிரம் போட்ட கை தெருவில் போனால் யாரும் நிறுத்திக் கேட்க மாட்டார்கள், கத்தி வைத்திருக்கும் பையனைக் கேட்பார்கள். இந்த இரண்டு பொருளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே ஒரு பத்தி தேறிவிடும்.

கத்தி என்றதும் இன்னொரு இடம், பலரும் தாண்டிப் போய்விடுவது. போனிபாய் நன்றாகப் படிக்கிறவன், அதனால் பள்ளியில் சோஷ் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் இருக்கிறான். உயிரியல் வகுப்பில் புழுவை அறுக்கக் கொடுத்த பிளேடு வெட்டாததால், யோசிக்காமல் தன் மடக்குக் கத்தியை விரித்துவிடுகிறான். பக்கத்துப் பெண் மூச்சை இழுத்து, எல்லாரும் சொல்வது சரிதான், நீ ரவுடிதான் என்ற மாதிரி சொல்லிவிடுகிறாள். மதிப்பெண் அவனை அந்த அறைக்குள் கொண்டு வந்தது, ஒரே ஒரு கை அசைவு வெளியே தள்ளிவிட்டது. படிப்பு இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பும் வீடுகளில் இந்த இடத்தைப் பிள்ளையோடு நிதானமாகப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

இப்போது நான் சொன்ன பற்று வரவுக்கு வருவோம். ஒரு தாளில் நடுவே கோடு போட்டு, இடது பக்கம் தப்பு, வலது பக்கம் விலை என்று எழுதச் சொல்லுங்கள். போனிபாய் இரவு வீடு திரும்ப நேரமாகிவிட்டது, அண்ணன் அறைந்தான், அதில் கோபித்துக்கொண்டு ஓடியதில்தான் பூங்காவில் மாட்டினான். மேற்குப் பக்கத்துப் பையனும் நேரம் கழித்து வீட்டுக்குப் போவான், என்ன ஆகும்? ராண்டி என்ற சோஷ் பையனே அதைச் சொல்கிறான்: பாப் எப்படி வந்து நின்றாலும் அவன் பெற்றோர் கண்டித்ததில்லை, பழியைத் தங்கள் மேலேயே போட்டுக்கொண்டார்கள், யாராவது ஒருமுறை முடியாது என்று சொல்ல மாட்டார்களா என்றுதான் அவன் ஏங்கினான் என்று. ஜானியைச் சாகிற அளவுக்கு அடித்ததற்கு பாப் கூட்டத்தில் யார் மேலும் வழக்கு வரவில்லை. உயிருக்குப் பயந்து குத்திய ஜானிமேல் திட்டமிடாத கொலை (manslaughter) என்ற குற்றச்சாட்டு வருகிறது, அவன் அப்போது மருத்துவமனைப் படுக்கையில் அசைய முடியாமல் கிடக்கிறான். எதுவுமே செய்யாத போனிபாய்க்குக்கூட அண்ணன்களிடமிருந்து பிரித்து விடுதியில் போட்டுவிடுவார்களோ என்ற பயம் கடைசிவரை இருக்கிறது.

இந்தக் கணக்கை நேர்மையாகப் போட வேண்டும். பாப் தன் தப்புக்கு உயிரையே கொடுத்துவிட்டான், அதையும் வலது பக்கத்தில் எழுதத்தான் வேண்டும். பணக்காரப் பையன்கள் எல்லாரும் தப்பித்தார்கள் என்று எழுதினால் நாவல் அதை ஒத்துக்கொள்ளாது. பணம் பாப்பை ஊர் முழுக்கக் காப்பாற்றியது, அந்த ஒரு ராத்திரி மட்டும் காப்பாற்றவில்லை. இப்படி எழுதினால்தான் எழுதியவர் புத்தகத்தைப் படித்திருக்கிறார் என்று ஆசிரியருக்குத் தெரியும்.

சூரிய அஸ்தமனம் பற்றி எல்லாரும் எழுதுவார்கள், எழுதட்டும். பாப்பின் காதலியான செர்ரி என்ற சோஷ் பெண்ணும் போனிபாயும் பேசிக்கொள்ளும்போது, அவள் வீட்டிலிருந்து பார்ப்பதும் இவன் வீட்டுப் பின்வாசலில் இருந்து பார்ப்பதும் ஒரே சூரியன்தான் என்று அவனுக்குத் தோன்றுகிறது. அழகான இடம். இதை வைத்து “எல்லாரும் சமம்” என்று முடித்துவிடுவதுதான் பெரும்பாலான கட்டுரைகளின் பிரச்சினை. ஏனென்றால் அதே செர்ரி, பள்ளியில் உன்னைப் பார்த்துப் பேசவில்லை என்றால் தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்றும் சொல்லிவிட்டுத்தான் போகிறாள். பின்னால், பாப்பைக் கொன்றவன் என்பதால் ஜானியை மருத்துவமனையில் போய்ப் பார்க்க முடியாது என்கிறாள், போனிபாய் கோபத்தில் திட்டுகிறான், அப்புறம் மேற்குப் பக்கத்திலிருந்து அஸ்தமனம் நன்றாகத் தெரியுமா என்று கேட்கிறான். தெரியும் என்கிறாள். கிழக்கிலும் தெரியும் என்று சொல்லிவிட்டுப் போகிறான். இரண்டாவது முறை வரும்போது அந்தச் சூரியனுக்குள் முதலில் இருந்த இனிப்பு இல்லை. இந்த இரண்டு காட்சியையும் சேர்த்துப் படிக்காமல் ஒன்றை மட்டும் மேற்கோள் காட்டுவது நாவலுக்குச் செய்யும் அநியாயம். ஆசைகளும் வலியும் இரண்டு பக்கமும் ஒன்றுதான், வானமும் ஒன்றுதான், ஆனால் ஒருவருக்கு அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போக வேறு வீடு இருக்கிறது.

வளர்வது என்ற கருப்பொருளுக்கு டாரியைப் பிடியுங்கள், போனிபாயைப் பிடிப்பதைவிட அது நல்ல வழி. முதல் அத்தியாயத்தில் போனிபாய்க்கு டாரி என்றால் கடுகடுவென்று இருக்கிற, தன்மேல் பாசமே இல்லாத அண்ணன். நாவல் முழுக்க டாரி அதிகம் மாறுவதில்லை, அவனைப் பார்க்கும் பார்வைதான் மாறுகிறது. பள்ளியில் கால்பந்து அணித் தலைவன், விளையாட்டு உதவித்தொகை கிடைத்தும் கல்லூரிக்குப் போகப் பணம் போதவில்லை. இப்போது கூரைப் பலகைக் கட்டுகளை இரண்டிரண்டாகத் தூக்கிக்கொண்டு ஏணி ஏறி முதுகைக் கெடுத்துக்கொள்கிறான். பெற்றோரின் அடக்கத்தில்கூட அழாதவன், தீ விபத்துக்குப் பிறகு மருத்துவமனையில் தம்பியைப் பார்த்ததும் அழுகிறான். அப்பா அம்மா மாதிரி இவனும் போய்விடுவானோ என்ற பயம்தான் இத்தனை நாள் கத்தலாக வந்தது என்று போனிபாய்க்கு அப்போதுதான் புரிகிறது. நண்பன் டூ-பிட் ஓரிடத்தில் சொல்வான், டாரி சோஷ் ஆகாமல் இருப்பதற்கு நாம்தான் காரணம் என்று. அவனை இங்கே பிடித்து வைத்திருப்பது இந்தக் குடும்பமும் இந்தக் கூட்டமும்தான்.

கும்பல் சண்டை தொடங்கும்போது எதிர்ப்பக்கத்திலிருந்து முன்னால் வருபவன் பால் ஹோல்டன், டாரியோடு ஒரே அணியில் கால்பந்து ஆடியவன். ஒருவனுக்குக் கல்லூரி, ஒருவனுக்குக் கூரை. டாரியின் முகத்தில் பொறாமையும் அவமானமும் தம்பிக்குத் தெரிகின்றன. வர்க்க மோதல் என்று கட்டுரைத் தலைப்பு கொடுத்தால், என் தேர்வு கத்திக்குத்தைவிட இந்தக் காட்சிதான். ஏனென்றால் இங்கே யாரும் கெட்டவன் இல்லை. நேற்றுவரை நண்பர்கள், ஒரு வங்கிக் கணக்கு மட்டும் வித்தியாசம்.

சண்டையில் கிரீஸர்கள் ஜெயிக்கிறார்கள். அப்புறம் என்ன மாறியது என்று பிள்ளையிடம் கேளுங்கள். ஜெயித்தாலும் தோற்றாலும் நாங்கள் இருந்த இடத்தில் நாங்கள், நீங்கள் இருந்த இடத்தில் நீங்கள் என்று ராண்டி முன்கூட்டியே சொல்லிவிட்டான். ராண்டி சண்டைக்கு வரவும் இல்லை, அது நல்ல முடிவு. ஆனால் ஊரை விட்டே போய்விடலாமா என்று யோசிக்கும் வசதி அவனுக்கு இருக்கிறது, ஜுரத்தோடு அந்தச் சண்டைக்குப் போன போனிபாய்க்கு இல்லை. வன்முறை தப்பு என்ற பாடத்தை எழுதுபவர்கள், அதை விட்டு விலக யாரால் முடிகிறது என்ற கேள்வியையும் சேர்த்து எழுத வேண்டும்.

பத்தியை எப்படி எழுதுவது என்பதற்கு ஒரு காட்சியை எடுத்துக் காட்டுகிறேன். கடைசி அத்தியாயத்தில் போனிபாய் ஒரு கடை வாசலில் பெப்சி குடித்துக்கொண்டிருக்கிறான், சோஷ் பையன்கள் வந்து வம்பு பண்ண, பாட்டிலின் அடியை உடைத்து நீட்டுகிறான், அவர்கள் போய்விடுகிறார்கள். கூட இருந்த டூ-பிட்டுக்குக் கவலை, இவன் கல்லாகிவிட்டானோ என்று. அப்போது போனிபாய் குனிந்து, உடைந்த கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்குகிறான். யார் வண்டி டயரும் பஞ்சராகக் கூடாது என்பதற்காக.

இதை “போனிபாய் நல்லவனாகவே இருந்தான், நாமும் நல்லவர்களாக இருக்க வேண்டும்” என்று எழுதினால் காட்சி செத்துவிடும். இப்படி எழுதிப் பார்க்கலாம்: “ஜானியும் டாலியும் இறந்த பிறகு போனிபாய்க்குப் பயம் போய்விட்டது. பாட்டிலை உடைக்கும்போது அவன் டாலி மாதிரி ஆகிக்கொண்டிருக்கிறான். ஆனால் உடைத்ததைக் கூட்டிப் பொறுக்கும்போது, முகம் தெரியாத யாரோ ஒருவரின் டயரைப் பற்றி யோசிக்கிறான். அந்த வண்டி சோஷ் பையனுடையதாகக்கூட இருக்கலாம். கடினமாவதும் கனிவாக இருப்பதும் ஒரே கையில் சில நொடி இடைவெளியில் நடக்கின்றன. வளர்வது என்றால் இரண்டில் ஒன்றைத் தினமும் தேர்ந்தெடுப்பது என்று இந்த இடம் எனக்குக் காட்டியது.” என்ன நடந்தது, அதற்கு முன் என்ன நடந்திருந்தது, அதனால் நான் என்ன நினைக்கிறேன், இந்த வரிசை போதும். கடைசி வாக்கியம் மட்டும் பிள்ளையின் சொந்த வாய்ச்சொல்லாக இருக்கட்டும், பெற்றோர் எழுதிக் கொடுத்தால் பெரியவர் வாசனை அடிக்கும்.

பொன் பற்றிய கவிதையைத் தவிர்க்க முடியாது. அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்டின் எட்டு வரிக் கவிதை, பொன்னான எதுவும் நிலைக்காது என்று சொல்வது, தேவாலயத்தில் விடியலைப் பார்த்துக்கொண்டே போனிபாய் ஜானிக்குச் சொல்வது. சொல்லும்போது அவனுக்கே அது முழுதாகப் புரியவில்லை. சாகும்போது ஜானி பொன்னாகவே இரு என்கிறான், அவன் எழுதி வைத்த கடிதம் பின்னால் விளக்குகிறது: குழந்தையாக இருக்கும்போது எல்லாமே புதிதாகத் தெரியுமே, அதுதான் பொன். இங்கே நான் பிள்ளைகளிடம் கேட்கச் சொல்லும் கேள்வி, பொன்னாகவே இருக்க யாருக்கு வாய்ப்பு கிடைத்தது? டாலிக்கு எப்போது கிடைத்தது? நியூயார்க் தெருக்களில் சிறு வயதிலேயே கைதாகி வளர்ந்தவன் அவன். ஜானி செத்ததும் குண்டில்லாத துப்பாக்கியைப் போலீஸ் முன் நீட்டி உயிரை விட்டான். ஆனால் டூ-பிட் உடைத்த பள்ளி ஜன்னலுக்கு டாலி வாய் திறக்காமல் பழியை ஏற்றுப் போலீஸோடு போனதை ஜானி மறக்கவே இல்லை. அந்த அத்தியாயத்தைத் திரும்பப் படித்தால் டாலியைப் பற்றி ஒரு வரியில் தீர்ப்பு எழுத மனம் வராது.

பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த நாவல் சொல்லாமல் விட்டதைப் பற்றியும் எழுதலாம், எழுத வேண்டும். முக்கியப் பாத்திரங்கள் எல்லாரும் வெள்ளையர்கள். டல்சாவில்தான் 1921 மே 31, ஜூன் 1 தேதிகளில் வெள்ளையர் கும்பல் கிரீன்வுட் என்ற கறுப்பினத்தவர் பகுதியைக் கொளுத்தி அழித்தது. கிழக்கு மேற்கு என்று பிரித்துக் காட்டும் கதைக்குள் அந்த நகரத்தின் இன்னொரு பிளவு வரவே இல்லை. 16 வயதுப் பெண் தன் கண்முன் இருந்ததை எழுதினார், அதற்காக அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, ஆனால் அமெரிக்காவில் ஏழ்மையைப் பற்றிய முழுப் படம் இது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பெண் பாத்திரங்களும் குறைவு, செர்ரிக்கு மட்டும்தான் தனி மனசு என்று ஒன்று கொடுக்கப்பட்டிருக்கிறது.

நீதிமன்றக் காட்சியும் எனக்கு எப்போதும் உறுத்தும். கொலையைப் பற்றித் துருவாமல், பள்ளி பிடித்திருக்கிறதா, டாரியோடு இருக்கப் பிடித்திருக்கிறதா என்ற மாதிரி நீதிபதி மெதுவாகக் கேட்டுவிட்டு அனுப்பிவிடுகிறார். நாவல் முழுக்கப் போலீஸும் சட்டமும் கிரீஸர்களுக்கு எதிராக நின்றுவிட்டு, கடைசியில் இவ்வளவு சுலபமாகக் கனிவது எனக்கு நம்பும்படி இல்லை. பிள்ளைக்கு வேறு மாதிரி தோன்றலாம், தோன்றினால் காரணத்தோடு எழுதட்டும்.

பெற்றோர் உதவும்போது “இதிலிருந்து என்ன கத்துக்கிட்டே” என்று ஆரம்பிக்காதீர்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும். “உன் பள்ளியில் யார் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவாங்க” என்று கேளுங்கள். யார் உடை, யார் போன், யாரை யார் பிறந்தநாளுக்குக் கூப்பிடுவதில்லை என்று தானாக வரும். நாம் கிரீஸர் பக்கமா சோஷ் பக்கமா என்று பிள்ளை திருப்பிக் கேட்கும், தயாராக இருங்கள். நல்ல சம்பளத்தில் நல்ல பகுதியில் வீடு வாங்கிய குடும்பம் என்றால் அந்தப் பதில் அவ்வளவு வசதியாக இருக்காது, ஆனாலும் உண்மையைச் சொல்லுங்கள்.

படத்தைப் பார்த்து எழுதலாமா என்ற கேள்வி கட்டாயம் வரும். ஃபிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலா 1983இல் எடுத்த படம், நன்றாகவே இருக்கும், ஆனால் திரையரங்குகளுக்கு வந்த பதிப்பில் தொடக்கத்திலும் முடிவிலும் நாவலின் பல காட்சிகள் இல்லை. 2005இல் 20 நிமிடத்துக்கு மேல் சேர்த்த நீளமான பதிப்பு வந்தது, பார்ப்பதென்றால் அதைப் பாருங்கள். டாரியைப் பற்றித் தம்பியின் மனதுக்குள் ஓடுவதெல்லாம் புத்தகத்தில்தான் முழுதாக இருக்கிறது, அதனால் அந்தத் தலைப்பை எடுத்தவர்கள் படத்தை நம்பி உட்கார வேண்டாம்.